ஆயிரத்தில் ஒரு பங்கு

அன்புள்ள அண்ணாச்சி,

பருவநிலை மாற்றம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் தூத்துக்குடிக்காரன். எட்டு வருடமாக டென்மார்க்கில், ஆர்ஹூஸ் நகரில் வேலை பார்க்கிறேன். இங்கே கரன்ட் பில்லில் வரி, காருக்கு வரி. 2030லிருந்து மாடும் பன்றியும் விடும் வாயுவுக்குக்கூட வரி. நாட்டின் மக்கள்தொகையோ 60 லட்சம்தான். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் இதன் பங்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. டென்மார்க் நாளைக்கே எல்லாவற்றையும் இழுத்து மூடினாலும் அது சீனாவின் ஒன்றிரண்டு நாள் புகைக்குத்தான் சமம். என் மகள் இதைப் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து, "அப்போ நாம செய்றதால என்னப்பா ஆகும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. சிறிய நாடுகள் படும் பாடு வெறும் மனத்திருப்திக்குத்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணக்கு சரி. ஆனால் அது புகையை மட்டும் எண்ணுகிற கணக்கு.

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1986இல் இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகள் சில கடலோர ஊர்களில் சோதனையாக அமைக்கப்பட்டன. குஜராத்தில் ஓகா, மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி, நம் பக்கம் தூத்துக்குடி. உங்கள் ஊரில் நின்றவை டென்மார்க்கில் செய்த 55 கிலோவாட் இயந்திரங்கள். அதே வருடம் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில், ரோங்செங் கடற்கரையில், அந்த நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை ஓடத் தொடங்கியது. மூன்றே மூன்று இயந்திரங்கள். அவையும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் செய்த 55 கிலோவாட் இயந்திரங்கள்தான். இன்று சீனாவின் காற்றாலைத் திறன் 5 லட்சம் மெகாவாட்டுக்கு மேல். உலகத்திலேயே அதிகம்.

எந்தச் சீனாவைக் காட்டி டென்மார்க்கின் உழைப்பு வீண் என்கிறீர்களோ, அந்தச் சீனா காற்றாலையைக் கற்றுக்கொண்டது டென்மார்க்கின் இயந்திரத்தை வைத்து.

அந்த இயந்திரம் வந்த கதையை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க்கின் எரிசக்தியில் 90 சதவீதம் இறக்குமதி எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். அப்போது கிறிஸ்டியான் ரீசாகர் என்ற தச்சர் தன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு காற்றாலை செய்து நிறுத்தி, வீட்டு மின்கம்பியோடு இணைத்தார். மீட்டர் பின்னோக்கிச் சுற்றியதாம். கார்ல் எரிக் யோர்கென்சன் என்ற கொல்லரும், ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் சேர்ந்து இன்னொன்று செய்தார்கள். விவசாய வண்டிகளும் கிரேனும் செய்துகொண்டிருந்த வெஸ்டாஸ், 1979இல் அவர்களுடைய வடிவமைப்பை வாங்கியது. மேற்குக் கரையில் உல்ஃபோர்க் பக்கத்தில் ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் ஊர் ஊராக வந்த தன்னார்வலர்களும் மூன்று வருடம் பாடுபட்டு, 50 மீட்டருக்கும் உயரமான கோபுரத்தோடு ஒரு பெரிய காற்றாலையைக் கட்டி 1978இல் ஓடவிட்டார்கள். அது பல பத்தாண்டுகள் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரிய நாடுகளும் அப்போது சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவில் நாசாவே இறங்கியது. ஜெர்மனி 100 மீட்டர் விட்டமுள்ள இறக்கைகளோடு க்ரோவியான் என்ற ராட்சத இயந்திரத்தைக் கட்டியது. சில நூறு மணி நேரம்தான் ஓடியது, அப்புறம் பிரித்துப்போட்டார்கள். டென்மார்க்காரர்கள் சின்னதாக, முரட்டுத்தனமாக, மூன்று இறக்கையோடு செய்தார்கள். உடைந்தது, மறுபடி செய்தார்கள். 1979இல் அரசு, காற்றாலை வாங்குகிறவர்களுக்கு விலையில் 30 சதவீதம் மானியம் கொடுத்தது. ஆனால் ரிசோ சோதனை நிலையம் அங்கீகரித்த இயந்திரத்துக்குத்தான் மானியம் என்று நிபந்தனையும் போட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்த ஒரு நிபந்தனையால் ஓட்டை உடைசல் எல்லாம் கழிந்து, நம்பி வாங்கக்கூடிய சரக்கு மட்டும் மிஞ்சியது. 1991இல் விண்டேபியில் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணையை அவர்களே நிறுவினார்கள். வெறும் பதினொரு காற்றாலைகள். யாரும் செய்யாதபோது முதலில் செய்கிறவன் கொடுக்கிற விலை எப்போதும் அதிகம். அதை அந்த நாட்டு மக்கள் கரன்ட் பில்லில் கட்டினார்கள். இப்போது நீங்களும் அந்த வரிசையில் நின்று கட்டுகிறீர்கள்.

1980களின் கடைசியில் கயத்தாறிலும் முப்பந்தலிலும் முன்மாதிரிக் காற்றாலைகள் வந்ததும் டென்மார்க் அரசின் உதவியோடுதான். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். போன ஆடியில் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு பழைய காற்றாலையின் அடியில் நின்றேன். வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. இறக்கை ஒவ்வொன்றும் கீழே வரும்போது காதுக்குள் ஒரு வீச்சு. கோபுரத்தின் நிழலில் நாலைந்து ஆடுகள் வரிசையாகப் படுத்திருந்தன. நிழல் நகர நகர அவையும் எழுந்து எழுந்து நகர்ந்து படுத்தன. மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி, "இந்தக் காத்தாடி நிக்காம சுத்தும். அந்தா அது இருக்கே, சோம்பேறி" என்று அடுத்ததைக் காட்டினார். அங்கே மிச்சமாகும் நிலக்கரி டென்மார்க்கின் கணக்கில் ஒரு கிலோகூட ஏறாது. ஆயிரத்தில் ஒன்று என்ற உங்கள் எண்ணுக்குள் அந்தப் பாட்டியின் காத்தாடி இல்லை.

டென்மார்க் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு மரத்தை இறக்குமதி செய்து எரித்துவிட்டு, அந்தப் புகையைப் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஏற்பில்லை. எல்லா முயற்சியும் கடல் தாண்டிப் போகும் என்பதும் இல்லை. ஆடு மாடுகளின் வாயுவுக்கு விலை வைக்க நியூசிலாந்து வருடக்கணக்கில் முயன்று, 2024இல் கைவிட்டது. அதே வருடம் டென்மார்க் அந்த வரியை முடிவு செய்தது. நீங்கள் அலுத்துக்கொள்கிற அந்த மாட்டு வரியைத்தான் நான் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறேன். பண்ணைக்காரர்களை நசுக்காமல் அதை நடத்திக் காட்டினால், மாடு நிறைய இருக்கும் நாடுகளுக்கு "முடியாது" என்று சொல்ல ஒரு காரணம் குறையும்.

அணைக்க ஒரு பெரிய புகைபோக்கிகூட இல்லாத நாடுகளும் இருக்கின்றன. வனுவாட்டு மூன்று லட்சம் பேர் வாழும் தீவுக்கூட்டம். பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் 2019இல் கிளப்பிய யோசனையை அந்த நாடு ஐ.நா. வரை தூக்கிக்கொண்டு போனது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரை வழங்கியது. அது யாரையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாதுதான். ஆனாலும் இனி எந்த நாட்டின் நீதிமன்றத்திலும் அதை எடுத்து வைத்து வாதாடலாம்.

கூட்டல் கணக்கும் ஒன்று இருக்கிறது. உலகப் புகையில் ஒவ்வொன்றும் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாக வெளியிடும் நாடுகளை எல்லாம் கூட்டினால் மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரும். அவ்வளவு பேரும் "என்னால் என்ன ஆகும்" என்றால், அந்த மூன்றில் ஒரு பங்கு அப்படியே நிற்கும்.

உங்கள் மகளுக்கு வருவோம். ஒரு விடுமுறை நாளில் அவளை உல்ஃபோர்குக்குக் கூட்டிப்போங்கள். ஆர்ஹூஸிலிருந்து அது மேற்கே, ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். ட்விண்ட் காற்றாலையின் அடியில் அவளை நிறுத்தி, இதைக் கட்டியவர்களில் பலர் உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஆனி, ஆடியில் வாருங்கள். ஆரல்வாய்மொழியில் அந்தப் பாட்டியின் காத்தாடியை நான் காட்டுகிறேன்.