நட்புக்காகப் போகாதவன்

வணக்கம் சார்,
காலித் ஹொசைனியின் 'தி கைட் ரன்னர்' இப்போதுதான் படித்து முடித்தேன். அழுதேன், மறைக்கவில்லை. ஆனாலும் ரெண்டு விஷயம் உறுத்துகிறது. அடித்தாலும் திட்டினாலும் விசுவாசமாகவே இருக்கிற ஹசன், படிக்கிற நமக்கு ரொம்ப வசதியான வேலைக்காரப் பையன் இல்லையா? அப்புறம், அவன், கதையைச் சொல்லும் முதலாளி மகன் அமீரின் அப்பாவுக்கே பிறந்தவன் என்று வருகிற திருப்பம் பழைய சினிமா மாதிரி இல்லையா?
- ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

(நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க வெளியே வரப்போகிறது.)

முதல் கேள்வியில் பாதிதான் உங்கள் கட்சி. அமீர் மாதுளம்பழங்களை வீசி வீசி அடிக்கிறான், ஹசன் திருப்பி அடிக்காமல் ஒரு பழத்தை எடுத்துத் தன் நெற்றியிலேயே நசுக்கிக்கொள்கிறானே, அங்கே ஆசிரியர் நம்மை அழவைத்தே தீருவது என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் வெங்காயத்தை மறந்துவிட்டீர்களே! அமீர் எழுதும் முதல் கதையில் ஒருவனுக்கு மாயக்கோப்பை கிடைக்கிறது, அதில் விழும் கண்ணீரெல்லாம் முத்தாகிறது, முத்தாசை முற்றி அழுவதற்காகவே மனைவியைக் கொன்றுவிடுகிறான். எழுதப் படிக்கத் தெரியாத ஹசன் அதைக் கேட்டுவிட்டு, அவன் ஏன் மனைவியைக் கொல்லணும், ஒரு வெங்காயத்தை முகர்ந்திருந்தால் போதாதா என்கிறான். அமீருக்குச் சுருக்கென்று தைக்கிறது. படிக்காத ஹசாராவுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு குரல் (ஹசாரா என்பது ஹசனின் இனம், ஆப்கானிஸ்தானில் ஒடுக்கப்பட்ட சிறுபான்மை). பட்டப்போட்டி நாளில் ஒரு சந்தில் ஹசன் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாவதை ஒளிந்து பார்த்துவிட்டு அமீர் ஓடிவிடுகிறானே, எனக்கு அதைவிட இந்த இடம்தான் முக்கியம், ஏனென்றால் காட்டிக்கொடுப்பது இங்கேயே தொடங்கிவிட்டது, 1975 குளிர்காலப் பட்டப்போட்டிவரை காத்திருக்கவில்லை.

திருப்பம் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பல வருடம் கழித்து பெஷாவரில் அப்பாவின் நண்பர் ரஹீம் கான், அமெரிக்காவிலிருந்து வந்த அமீரிடம் ஹசனைத் தாலிபான் சுட்டுக் கொன்ற செய்தியைச் சொல்லி, அவன் மகன் சோராபை காபூலிலிருந்து கூட்டிவரச் சொல்கிறார். அமீரின் பதில்? காசு தருகிறேன், வேறு யாரையாவது அனுப்புங்கள். ஹசன் உன் தம்பி என்று தெரிந்த பிறகுதான் கிளம்புகிறான். கூட வளர்ந்தவனின் பிள்ளைக்காகப் போகாதவன், அப்பா பெற்றவனின் பிள்ளைக்காகப் போகிறான். அமீர் அப்படிப்பட்டவன்தான், அதில் பொய் இல்லை. நாவல் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாததுதான் என் குறை. ஹசாராக்கள் 1890களில் ஆப்கன் மன்னர் அப்துர் ரஹ்மான் கானின் படைகளிடம் நிலத்தை இழந்து அடிமைகளாக விற்கப்பட்டவர்கள், 1998 ஆகஸ்டில் மசார்-இ-ஷரீஃபில் தாலிபான் வீடு வீடாகத் தேடிக் கொன்றது பெரும்பாலும் அவர்களைத்தான். அவ்வளவு பெரிய கணக்கை ஒரு குடும்ப ரகசியத்தில் நேர்செய்துவிட முடியுமா?

கலிஃபோர்னியாவில் சாப்பாட்டு மேஜையில், மாமனார் சோராபை 'ஹசாராப் பையன்' என்றதும் அமீர் சீறுகிறானே, இனி என் முன்னால் அப்படிச் சொல்லாதீர்கள், அவனுக்குப் பேர் இருக்கிறது என்று? எனக்கும் பிடித்த இடம். ஆனால் மறுபடி எடுத்துப் பாருங்கள், என் அப்பாவுக்கு வேலைக்காரர் மனைவியிடம் பிறந்தவனின் மகன் இவன் என்று உறவைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அந்த அதட்டலே வருகிறது.