நாலு தறியை விற்க வேண்டாம், 250 சொல் எழுதட்டும்

குமாரபாளையத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். 12 விசைத்தறி, எல்லாம் கூலிக்கு ஓட்டுவது. மகள் அரசுக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்காக 42 தறித் தொழிலாளர் வீடுகளுக்குப் போய், அவர்கள் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், எப்படி அடைக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அதைச் சுருக்கமாக எழுதி ஓர் ஆய்வு மாநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார் பேராசிரியை. “நாலு தறியை வித்தா ஃபீஸ் ஆச்சு, கோயமுத்தூர்ல எம்.பி.ஏ. சேர்த்துவிடுங்க மாப்பிள்ளை” என்கிறார் பெண்ணின் தாய்மாமன். தந்தைக்கு இரண்டு கேள்வி. மாநாடு சோறு போடுமா? ஊர்க் கடன் விஷயத்தை வெளியே எழுதினால் நாளைக்கு யார் தறி ஓட்ட வருவார்கள்?

ஐயா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் தறியை விற்காதீர்கள். மாதாமாதம் கூலி கொண்டுவரும் நாலு தறியை, மகள் கேட்காத படிப்புக்காகக் கொடுக்கிறீர்கள். நடுத்தரக் கல்லூரியில் எம்.பி.ஏ. முடித்தவர்களை வளாகத் தேர்வில் எடுப்பது பெரும்பாலும் வங்கி, காப்பீடு, கடன் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுதான். ‘இந்த மாதம் இத்தனை பேருக்குக் கடன் தள்ளு’ என்பது அங்கே இலக்கு. கடன் வாங்கியவர்களின் திண்ணையில் உட்கார்ந்து ‘ஏன் வாங்கினீங்க’ என்று கேட்டு எழுதிய பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மைத்துனர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் படிக்கப்போவது அவர் இல்லை.

வங்கித் தேர்வு, குரூப் தேர்வு, பி.எட். பற்றியெல்லாம் தெருமுனையில் கேட்டாலே சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காத வழி ஒன்று உண்டு. ஆய்வுப் படிப்புக்குப் பணம் நாம் கட்ட வேண்டியதில்லை, அவர்கள் தருவார்கள். யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வில் ஜே.ஆர்.எப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அதற்குப் பிறகு 42,000. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அது எளிதல்ல, முதல் முறையிலேயே கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் நெட் மட்டும் போதாது. திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையம், சென்னை அடையாற்றில் 1971இல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் நேர்முகத்தில் உட்காரும்போது ‘உன் கேள்வி என்ன’ என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்லத் தடுமாறாமல் இருப்பதற்கான பயிற்சிதான் மாநாடு. நேரடியாகச் சோறு போடாது. சோறு போடும் இடத்துக்குள் நுழைய உதவும்.

மகளிடம் இருக்கும் பொருள் சிறியது என்று நினைக்க வேண்டாம். 1916 வாக்கில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை அவரவர் ஊர்க் கணக்கை எடுத்துவரச் சொன்னார். அப்படி எடுத்த ஊர்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு. 1930களிலும் 1981இலும் 2008இலும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பிப் போய், நிலமும் கூலியும் சாதியும் எப்படி மாறின என்று பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கணக்கைத் தொடாமல் போவதில்லை.

இனி மகளுக்கு.

முதலில் தலைப்பை மாற்று. ‘நாமக்கல் மாவட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை – ஓர் ஆய்வு’ என்ற அச்சில் நம் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக ஆய்வேடுகள் இருக்கின்றன. வயது வாரியாக ஒரு சதவீத அட்டவணை, கல்வி வாரியாக இன்னொன்று, காரணங்களை வரிசைப்படுத்தும் கேரட் தரவரிசை, இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனை, கடைசியில் ‘அரசு ஆவன செய்ய வேண்டும்’. மாநாட்டுக்கு இது போகாது. 42 வீட்டைப் பல கட்டங்களாகப் பிரித்தால் சில கட்டங்களில் எதிர்பார்ப்பு எண் 5க்குக் கீழே போய்விடும். கை-ஸ்கொயர் அங்கே நம்பத் தகுந்ததல்ல. முதல் கேள்வியே அதில் விழும். அதை எடுத்துவிடு.

உன் பொருள் வளர்ச்சியின் அரசியல் பொருளாதாரம் என்ற துறையில் வரும். அங்கே கேள்வி வேறு மாதிரி இருக்கும்: யாருக்கு லாபம், செலவு யார் தலையில், அந்த ஏற்பாடு ஏன் நிலைக்கிறது? உன் ஊரில் பட்டறைக்காரர் கொடுக்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். பாக்கி தீராமல் வேறு தறிக்குப் போக முடியாது. இப்போது வாரா வாரம் டியூ கட்டும் குழுக் கடனும் அதே வீட்டுக்குள் வந்துவிட்டது. குழுக் கடனை வாங்கிப் பாக்கியை அடைத்தவர் தறி மாற முடிகிறதா? அல்லது டியூ நாள் வருகிறதே என்று இரண்டு ஷிப்ட் ஓட்டுகிறாரா? அப்படியென்றால் ஆளைத் தறியில் நிறுத்தி வைக்கும் வேலையைக் கடன் நிறுவனம் செய்கிறது, பட்டறைக்காரருக்கு முதல் முடங்கவில்லை. இது உண்மையா, பொய்யா என்று உன் 42 வீடும் சொல்லும். அதுதான் கட்டுரை.

குமாரபாளையத்துப் பாக்கி பற்றி 1999இலேயே ஒரு சமூகவியல் ஆய்விதழில் கட்டுரை வந்திருக்கிறது. பாக்கி தளை மட்டுமல்ல, தொழிலாளியின் எதிர்ப்புக்கும் அதில் இடமிருக்கிறது என்ற வாதம் அதில் உண்டு. அதைத் தேடிப் படிக்காமல் மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கம் அனுப்பாதே. ‘இதைப் பற்றி யாரும் எழுதவில்லை’ என்ற ஒரு வரி, விஷயம் தெரிந்தவர் கையில் கிடைத்தால் அத்தோடு முடிந்தது. 2022இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் விதிகளை மாற்றியது: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கான ஈடில்லாக் கடன் நுண்கடன், எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதத் தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உன் 42 வீட்டில் எத்தனை வீடு அந்தப் பாதியைத் தாண்டுகிறது என்று இன்றே எண்ணிப் பார். அகில இந்தியக் கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பின் 2019ஆம் ஆண்டுத் தரவு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்திடம் குடும்ப வாரியாக இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டு எண்ணை எடுத்து உன் எண்ணுக்குப் பக்கத்தில் வை. விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம், ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள் போதும்.

எங்கே அனுப்புவது? 1957இல் தொடங்கிய இந்திய உழைப்புப் பொருளாதாரச் சங்கத்தின் ஆண்டு மாநாடு உன் பொருளுக்கு நேராகப் பொருந்தும். வெளிநாட்டில் பிரிட்டனின் வளர்ச்சி ஆய்வுச் சங்கம், அரசியல் பொருளாதாரத்தை வளர்ப்பதற்கான பன்னாட்டு முன்முயற்சி ஆகிய இரண்டும் ஆண்டுதோறும் கூடுகின்றன. பிரிட்டன் மாநாட்டில் முதலில் அமர்வுகளை அறிவிப்பார்கள், அப்புறம்தான் கட்டுரை கேட்பார்கள். மாநாட்டின் பெயரைப் பார்க்காதே, அமர்வைப் பார். ‘கடனும் உழைப்பும்’ என்ற மாதிரி அமர்வு இருந்தால் போடு; ‘தொழில்நுட்பமும் வளர்ச்சியும்’ என்ற அமர்வில் நுழைக்கப் பார்த்தால் திரும்பி வரும். அங்கே இரண்டு சுருக்கம் கேட்பது வழக்கம். ஒன்று 300 எழுத்துக்குள். சொல் அல்ல, இடைவெளியும் சேர்த்து எழுத்து. இன்னொன்று 250 சொல்லுக்குள்.

அந்த 250 சொல்லை இப்படிப் பிரி. கேள்விக்கு 50. முன்னே வந்த ஆய்வுகள் சொன்னதும் அவை விட்டதும் 40. எந்த ஊர், எத்தனை வீடு, எந்த மாதங்கள், வீடுகளை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பதற்கு 60. கண்டுபிடித்ததற்கு 70. அதனால் என்ன என்பதற்கு மீதி 30. பெரும்பாலான மாணவர்கள் முதல் 100 சொல்லை இந்திய ஜவுளித் தொழிலின் பெருமைக்கே செலவழித்துவிட்டு, கடைசியில் ‘இக்கட்டுரை ஆராய முயல்கிறது’ என்று முடிக்கிறார்கள். படிக்கிறவருக்கு உன் கையில் தரவு இருக்கிறதா, ஆசை மட்டும்தான் இருக்கிறதா என்று தெரியாது. ‘42 வீடுகளில் இத்தனை வீடு பாக்கியை அடைக்கக் குழுக் கடன் வாங்கியது, அதில் இத்தனை பேர் ஓராண்டுக்குள் மறுபடி பாக்கி வாங்கினர்’ என்று எண்ணோடு எழுது.

முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்தில் நீயே எழுது. பாக்கி என்ற சொல்லைக் கணினி மொழிபெயர்ப்பில் போட்டால் ‘மிச்சம்’ என்ற பொருளில் ஏதோ வரும். உன் கட்டுரையின் உயிரே போய்விடும். பாக்கியைப் பாக்கி என்றே சாய்வெழுத்தில் விட்டு, ஒரு வரியில் விளக்கு. பெயர் மறைத்து அனுப்பச் சொன்னால், முதல் பக்கத்தில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. கோப்பின் பண்புகளில் கல்லூரிக் கணினியின் பெயரோ உன் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் துடை. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே ஏற்றிவிடு. வழிகாட்டியின் பெயரை முதலில் போட வேண்டும் என்று யாராவது சொன்னால் மரியாதையாக மறுத்துவிடு. நன்றி சொல்லும் வரியில் அவருக்கு இடம் உண்டு. வீடு வீடாக நடந்தது நீ.

கட்டுரை தேர்வானால் பேச 15 நிமிடம் கிடைக்கும். பத்து ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். 15 நிமிடத்தில் எட்டு நிமிடம் கண்டுபிடித்ததற்கே போக வேண்டும். ‘ஏன் 42?’ என்று நிச்சயம் கேட்பார்கள். ‘நேரம் அவ்வளவுதான் இருந்தது’ என்பது பதில் அல்ல. எந்தத் தெரு, எந்த வகைத் தறி, யாரை விட்டாய், ஏன் விட்டாய் என்று சொல்.

மறுபடி ஐயா உங்களிடம். செலவில் நான் கறாராகத்தான் இருப்பேன். முதல் ஆண்டு இந்தியாவுக்குள் ஒரே ஒரு மாநாடு. ரயில் டிக்கெட், தங்குமிடம், மாணவர் கட்டணம், அவ்வளவுதான். வெளிநாட்டு மாநாடு என்றால் இணையவழியில் பேச முடிகிற அமர்வுக்கு மட்டும். கட்டணச் சலுகை உண்டா என்று பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். நகையை அடகு வைத்து விமானம் ஏற்ற வேண்டாம். பொறியியல், மேலாண்மை, நர்ஸிங், சமூக அறிவியல் எல்லாவற்றுக்கும் ஒரே மாநாடு, அனுப்பிய இரண்டே நாளில் ‘தேர்வாகிவிட்டது, பணம் கட்டுங்கள்’, நேரில் வராமலே சான்றிதழ் – இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பணம் கட்டி ஆய்விதழில் போட்டுத் தருகிறேன் என்பவரும் வருவார். முனைவர் பட்ட ஆய்வேடு சமர்ப்பிக்க ஆய்விதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையே யு.ஜி.சி. 2022 விதிகளில் எடுத்துவிட்டது. எம்.ஏ. மாணவிக்கு அது எதற்கு?

ஊர்ப் பேச்சு பற்றிய உங்கள் பயம்தான் உண்மையில் கனமானது. அதற்கும் முறை இருக்கிறது. யார் பெயரும், தெருப் பெயரும், பட்டறைப் பெயரும் கட்டுரையில் வராது. வீடுகளுக்கு எண் மட்டும்தான். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் ஒன்றே ஒன்று, அது வீட்டில் பூட்டில் இருக்க வேண்டும். அந்த 42இல் உங்கள் தறியில் ஓட்டுகிற குடும்பங்கள் இருந்தால், அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். முதலாளி மகள் வந்து கேட்டால் ‘சொல்ல முடியாது’ என்று யார் சொல்வார்கள்? தந்தை தறி நடத்துகிறார், அதனால் அந்த வீடுகளைச் சேர்க்கவில்லை என்று அவள் கட்டுரையிலேயே எழுதிவிட வேண்டும். மறைத்தால்தான் தவறு. எழுதினால் கேட்கிறவர்களுக்கு அவள் மேல் நம்பிக்கை வரும்.

அவளுக்கு வேறு யாரிடமும் கிடைக்காத ஒன்று உங்கள் பட்டறை மேசை டிராயரில் இருக்கிறது. தேதி, பெயர், கொடுத்த பாக்கி, கூலியில் பிடித்தது என்று நீங்கள் எழுதி வரும் நோட்டு. பெயர்ப் பத்தியை மறைத்து, பழைய நோட்டு எத்தனை வருடத்துக்கு இருக்கிறதோ அத்தனையும் நகலெடுத்துக் கொடுங்கள். அதில் இருப்பவர்களிடம், பெயர் வராது என்று சொல்லிச் சம்மதம் கேட்டுவிட்டு. யாராவது வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள்.