மெக்கானிக்கல் சேரும் மகளுக்கு மேக்புக்கா, ஸ்னாப்டிராகனா?

கேள்வி: மகளுக்குக் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. லேப்டாப்புக்கு 70,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். ஐ.டி.யில் இருக்கும் மைத்துனர், "மேக்புக் ஏர் வாங்கிடுங்க மச்சான், நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்கிறார். கடைக்காரரோ ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பைக் காட்டி, காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை நிற்கும் என்கிறார். பாடத்துக்கான சாஃப்ட்வேர் ஓடுமா என்று கேட்டால் இருவருமே "அதெல்லாம் ஓடும் சார்" ரகம்தான். நம்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டுமே நல்ல மெஷின்கள். மெக்கானிக்கலுக்கு இரண்டுமே வேண்டாம்.

போகப்போக மகளுக்கு சாலிட்ஒர்க்ஸ், கிரியோ, அன்சிஸ் என்று டிசைன், சோதனை சாஃப்ட்வேர்கள் தேவைப்படும். இவை எதற்கும் மேக் பதிப்பு கிடையாது. ஆட்டோகேடுக்கு உண்டு, ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கும் வசதிகள் எல்லாம் அதில் இல்லை. ஃப்யூஷனும் மேட்லேபும் மேக்கில் நன்றாகவே ஓடும். மைத்துனர் சொல்வது அவர் வேலைக்குச் சரி, உங்கள் மகளின் பாடத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

மேக்கிலேயே விண்டோஸ் போட்டுக்கொள்ளலாமே என்று அடுத்து யாராவது கிளப்புவார்கள். இன்டெல் சிப் இருந்த மேக்குகளில் பூட் கேம்ப் என்ற ஆப்பிளின் வசதி வழியாக அது முடிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த சிப்பான எம்1 வந்தது. அந்த வகை மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. இப்போது மேக்குக்குள் விண்டோஸை ஓட்டும் பேரலல்ஸ் மாதிரி ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினாலும், அதற்குள் ஓடுவது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறுபட்ட ஆர்ம் வகை சிப்புக்கான விண்டோஸ். சுற்றி வளைத்து, கடைக்காரர் காட்டிய லேப்டாப்பின் அதே சிக்கலில்தான் போய் நிற்பீர்கள்.

ஸ்னாப்டிராகனும் ஆர்ம் வகைதான். இன்டெல், ஏஎம்டி சிப்புகளுக்காக எழுதிய புரோகிராம் அதில் நேரடியாக ஓடாது. விண்டோஸ் 11 இடையில் பிரிசம் என்று ஒன்றை வைத்து, கட்டளைகளை ஆர்முக்கு மாற்றிக் கொடுக்கிறது. சாதாரண புரோகிராம்களுக்கு இது தாராளமாகப் போதும். பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர்களை மட்டும் அதனால் மாற்ற முடியாது. லேபில் உள்ள ஒரு கருவியையோ பழைய பிரிண்டரையோ செருகினால், அதற்கென்று ஆர்ம் டிரைவர் இருந்தால்தான் உண்டு. சாலிட்ஒர்க்ஸ் மாதிரி கனமான டிசைன் (CAD) சாஃப்ட்வேருக்கு இதை நம்பி லேப்டாப் வாங்குவது வீண் தலைவலி.

கடையில் பேச்சை நம்ப வேண்டாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'சிஸ்டம்' திறக்கச் சொல்லுங்கள். 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 'எக்ஸ்64 பேஸ்டு ப்ராசஸர்' என்று இருந்தால் சரி, அது இன்டெல், ஏஎம்டி வகை. 'ஆர்ம் பேஸ்டு' என்றால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள். கோபைலட் பிளஸ் ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதை இரண்டு வகையிலும் ஒட்டுகிறார்கள். அப்படியே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தையும் பார்த்து, ரேம் போட இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பல மெல்லிய மாடல்களில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது.

இன்டெல் ஐ5 அல்லது ரைசன் 5 தரத்தில் ஒரு சிப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. இது போதும். கேமிங் லேப்டாப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். தினமும் அந்தக் கனத்தையும் அதன் செங்கல் சார்ஜரையும் சுமக்கப்போவது மகள். மாணவர்கள் வரையும் அளவிலான 3டி மாடல்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு கட்டாயமில்லை. அன்சிஸின் இலவச மாணவர் பதிப்பில் மாடலின் அளவுக்கே வரம்பு உண்டு. ஆட்டோகேடும் மாணவர்களுக்கு இலவசம். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றோம்" என்று கடையில் சொன்னால் அது கிராக் பதிப்பு. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அவசரமும் இல்லை. முதல் வருடம் பெரும்பாலும் பைத்தான், சி என்றுதான் போகும். அது எதிலும் ஓடும். (சில கல்லூரிகளில் இன்னும் டர்போ சி வைத்திருக்கிறார்கள். அதற்கு எந்தப் புது லேப்டாப்பிலும், பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸின் துணை வேண்டும்!) வகுப்பு தொடங்கியதும் மூன்றாம் வருட சீனியர்களிடம், லேபில் சாலிட்ஒர்க்ஸ் எந்த வருடப் பதிப்பு என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் புதிய பதிப்பில் சேமித்த ஃபைலை லேபின் பழைய பதிப்பில் திறந்து திருத்த முடியாமல், ரிவ்யூ அன்று முழிப்பவர்கள் உண்டு.

கேள்வி: அண்ணனின் பழைய லேப்டாப், ஐ5 ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 10. பி.காம். சேரும் எனக்கு டாலிக்கு இது போதுமா?
– மாணவி, விருதுநகர்

பதில்: டாலி தாராளமாக ஓடும். ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டியாக மாற்றிக்கொள்ளுங்கள், வேகம் கூடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல்லில் விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோதான் கேட்கும். பாதுகாப்பு அப்டேட் இல்லாத லேப்டாப்பில் நெட் பேங்கிங் மட்டும் வேண்டாம்.