கருகல் மருந்தும் பில் இல்லாத கடையும்

கேள்வி: காலாவதியாகி 2 மாதம்தான் ஆன மேன்கோசெப் (கருகல் நோய்க்கு அடிக்கும் பூஞ்சை மருந்து) பாதி விலைக்குக் கிடைக்கிறது. உருளைக்கிழங்குக்கு அடிக்கலாமா? (அணைக்கட்டு)

பதில்: வேண்டாம்.

கேள்வி: அரை ஏக்கர் உருளைக்கிழங்கு. மார்கழிப் பனியில் இலையோரம் கருகி, அடியில் வெள்ளையாகப் பூத்தது. "இயற்கை மருந்து, எல்லா நோயும் கேட்கும்" என்று கடைக்காரர் ஒரு பாட்டில் தந்தார், ரூ.1,400. நாலே நாளில் கொல்லை வெந்துபோனது. பில் இல்லை. பணம் திரும்புமா? (பேரணாம்பட்டு)

பதில்: பயிர் கண்ணெதிரே கருகும்போது யாருக்கும் கை நடுங்கும். அந்த நேரம் பார்த்து விற்றவர்தான் குற்றவாளி, நீங்கள் இல்லை. பாட்டிலைக் கழுவாதீர்கள், மிச்ச மருந்தோடு மூடி வைத்து, வட்டார வேளாண்மை அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான். அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். விவசாயியும் நுகர்வோர்தான் என்று ஒரு விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது.

பில் கேட்டால் "நம்ம கடைதானே" என்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே ஆறாத கோபம். பதிவு செய்யாத பூச்சிமருந்தை விற்கக் கூடாது என்று 1968-லேயே சட்டம் வந்தாயிற்று. பதிவு எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, நச்சைக் காட்டும் வண்ண முக்கோணம், இதில் ஒன்று இல்லையென்றாலும் வாங்காதீர்கள். தக்காளிக்கு நானும் ஒருமுறை அவசரத்தில் வாங்கினேன். தண்ணீர் பட்டு லேபிளின் ஓரம் உரிந்தது. அடியில் இன்னொரு லேபிள், முந்தின வருஷத் தேதியோடு. திரும்பப் போனால், "இது எங்கள் கடைப் பாட்டிலே இல்லை" என்றார்கள். காட்ட என்னிடம் பில் இல்லை.

கேள்வி: உருளைக்கிழங்குக்கு மெட்டலாக்சில் கலந்த கருகல் மருந்தை நாலு தடவை அடித்தேன். ஐந்தாவது தடவை கேட்கவில்லை. போலியா? (குடியாத்தம்)

பதில்: மருந்தைக் குறை சொல்லுமுன் அட்டையைப் படித்தீர்களா? ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமிக்கு அது பழகிவிடும். நோய் வருமுன்பே மேன்கோசெப், லிட்டருக்கு 2 கிராம், நட்ட 45, 60, 75-ஆம் நாளில் அடித்திருக்க வேண்டும். அடுத்த முறை இலையைப் பறித்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போங்கள். கடைக்கு அதன் பிறகு.

கேள்வி: பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையை வீட்டிலேயே செய்யலாமா? (ஒடுகத்தூர்)

பதில்: தாராளமாக. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு கூடாது. பளபளப்பான கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலக்கிய அன்றைக்கே அடித்துவிட வேண்டும்.