வோட்கா ஜெல்லி ஷாட் வீட்டிலேயே செய்ய முடியுமா? பழச்சாறு சேர்த்தால் ஏன் உறைய மாட்டேன் என்கிறது?

வோட்கா கலந்து உறையவைத்த சின்ன ஜெல்லித் துண்டுதானே இந்த ஷாட், தாராளமாகச் செய்யலாம். உறையவில்லை என்றால் பெரும்பாலும் வோட்கா மேல் தப்பில்லை, பழத்தின் மேல்தான். நானும் அதில் பட்டவன்.

இரண்டு வருடம் முன்பு, டிசம்பர் 31, கோத்தகிரியில் நண்பன் வீடு. பள்ளித் தோழர்கள் குடும்பத்தோடு கூடினோம். ஷாட் என் பொறுப்பு. நன்றாகப் பழுத்த அன்னாசி ஒன்று கிடந்தது. அதை மிக்ஸியில் அடித்து வடிகட்டி, கரைத்த ஜெலட்டினும் வோட்காவும் கலந்து முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்து ஆட்டிப் பார்த்தால் தளும்புகிறது. ஜெலட்டினில் கலப்படம் என்று கடைக்காரரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இன்னொரு பாக்கெட் கரைத்து ஊற்றினேன். மதியமும் ரசம்தான்.

நண்பனின் மனைவி எட்டிப் பார்த்து, "பழத்தைப் பச்சையாவேவா போட்டீங்க அண்ணா?" என்று கேட்டார். அவர் வேதியியல் ஆசிரியை. அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

ஜெலட்டின் என்பது மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம். ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி மூடி வைத்தால் காலையில் கட்டியாகி ஆடுமே, அதே சமாச்சாரம். அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். அன்னாசி நிறையத் தின்றால் நாக்கு எரிவதும் அதனால்தான். கறி பூவாக வேகட்டும் என்று பப்பாளிக்காய் போடுகிறோமே, அங்கேயும் நடப்பது இதுதான். பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சி எல்லாம் ஒரே கூட்டம். அவற்றின் சாற்றை ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது, அப்படியே போடலாம். ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, திராட்சை, பிளம்ஸ், நம் ஊர் தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) இவற்றில் இந்தத் தொல்லை இல்லை. தோற்றுப்போன அன்னாசிக் கலவையைக் கொட்ட மனம் வராமல் சோடா ஊற்றிக் குடித்துத் தீர்த்தோம் என்பது வேறு கதை.

சாயங்காலம் சாத்துக்குடியில் மறுபடி செய்தது நன்றாகவே வந்தது. அளவு இது: ஒரு குவார்ட்டர் வோட்கா, அதாவது 180 மில்லி. ஜெலட்டின் 18 கிராம். அதை 100 மில்லி பச்சைத் தண்ணீரில் தூவி, பத்து நிமிடம் ஊறி உப்பவிட வேண்டும். நேராகச் சூட்டில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கரையாது. 170 மில்லி சாற்றை மூன்று ஸ்பூன் சர்க்கரையோடு சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கலக்குங்கள். தெளிவாகக் கரைந்ததும் மீதி 150 மில்லி சாற்றை ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் வோட்கா. சாராயம் 78 டிகிரியிலேயே கொதிக்கும், மலை உயரத்தில் இன்னும் சீக்கிரம். சூட்டில் ஊற்றினால் வாசனை வீட்டுக்கும் தண்ணீர் உங்களுக்கும் மிஞ்சும். பக்கத்தில் கேஸ் அடுப்பு எரிந்தால் ஆபத்தும்கூட. போதை ஏறட்டும் என்று வோட்காவைக் கூட்டினால் ஜெல்லி தொளதொளத்துவிடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே வேண்டாம்.

எதில் ஊற்றுவது? இணையத்தில் எல்லோரும் குட்டி பிளாஸ்டிக் கப் காட்டுவார்கள். நீலகிரியில் அது தடை செய்யப்பட்ட பொருள், செக்போஸ்டிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் சாத்துக்குடியைக் குறுக்கே வெட்டி, சுளையை ஸ்பூனால் சுரண்டிவிட்டு, தோல் மூடியையே கிண்ணமாக்கினேன். கமலா ஆரஞ்சு நிறத்துக்கு அழகு, ஆனால் அந்தத் தோல் துவண்டுவிடும். மூடிகள் சாயாமல் நிற்க இட்லித் தட்டின் குழிகள் அளவெடுத்ததுபோல் இருந்தன. ஒரு மூடி 50 மில்லி பிடித்தது, மொத்தம் பன்னிரண்டு மூடி. நான்கு மணி நேரம் உறைந்த பின் கத்தியை வெந்நீரில் தோய்த்து ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் தர்பூசணிக் கீற்று மாதிரி பளபளவென்று நிற்கும்.

ஃபிரிட்ஜில் இடமில்லாமல் பின் வராந்தாவில் வைக்கப் பார்த்தேன். டிசம்பர் குளிருக்கு அங்கேயே உறைந்திருக்கும். நண்பனின் அம்மா விடவில்லை. "இனிப்பு வாசனைக்குக் கரடி வந்துரும்டா, அப்புறம் அதையும் யார் வீட்ல கொண்டுபோய் விடுறது?" கோத்தகிரிக்காரர்களுக்கு இது வெறும் விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது தெரியும். கேக்கை வெளியே எடுத்துவிட்டு ஜெல்லியை உள்ளே வைத்தோம்.

சைவக்காரர்களுக்கு சைனா கிராஸ், அதாவது அகர் அகர். கடற்பாசியிலிருந்து வருவதால் அன்னாசி அதை ஒன்றும் செய்யாது. பச்சைப் புள்ளி போட்ட ஜெல்லி பாக்கெட்டிலும் ஜெலட்டின் இருக்காது. ஆனால் சைனா கிராஸ் கரைய 85 டிகிரிக்கு மேல் வேண்டும். மலையில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத் தாமதமாவதுபோல இதற்கும் பொறுமை வேண்டும். வெறும் தண்ணீரில் முழுக்கக் கரைத்த பிறகே புளிப்புச் சாற்றை ஊற்றுங்கள். இது 40 டிகிரி வாக்கிலேயே இறுகத் தொடங்கும், ஃபிரிட்ஜ் வோட்காவை ஊற்றினால் அங்கங்கே நூல் நூலாகத் திரியும். வாயில் கரையாது, கடிக்க வேண்டும். எனக்கு ஜெலட்டின்தான் பிடிக்கிறது.

கடைசியாகக் கணக்கு. என் அளவில் ஆறு கீற்று தின்றால் 30 மில்லி வோட்கா உள்ளே போகிறது, ஒரு ஸ்மால் பெக். நாக்குக்குத் தெரியாது, அரை மணி கழித்துத்தான் தெரியும். 1862-லேயே அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் பஞ்ச் என்ற மதுக் கலவையில் செய்யும் ஜெல்லிக்குக் குறிப்பு எழுதும்போது, குளிர் இரவுக்கு இதமானது, மதுவின் காரம் தெரியாமல் அதிகம் தின்றுவிடுவார்கள் என்று எச்சரித்திருக்கிறார். அன்று இரவு மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியிருந்த மச்சானுக்கு ஒரு கீற்றுகூடக் கொடுக்கவில்லை, அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் தெரிந்தவர் கோபிக்கமாட்டார். குழந்தைகளுக்கு இது மிட்டாய் மாதிரிதான் தெரியும். அதனால் வோட்கா இல்லாததை கமலாத் தோலிலும், உள்ளதைச் சாத்துக்குடித் தோலிலும் ஊற்றி, பின்னதை உயரமான அலமாரியில் வைத்தோம். நண்பனின் அம்மா கமலாவில் இரண்டு கீற்று எடுத்துக்கொண்டு, "இதுல என்னடா இருக்கு, வெறும் ஜூஸ்தானே" என்றார்.