பைக் ஓட்டுபவர்கள் கூட்டமாகப் போய் நிதி திரட்டுவதால் உண்மையில் பயன் உண்டா, இல்லை வெறும் பந்தாவா?

உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். நூறு பைக்குகள் சத்தமாகப் போகின்றன, முன்னால் ஒரு பேனர், வழியெல்லாம் படம் பிடிக்கிறார்கள். "பெட்ரோலுக்கு ஆகிற காசை அப்படியே கொடுத்துவிடலாமே" என்று என் வீட்டிலும் கேட்டார்கள். ஏழு வருடமாக இப்படிப்பட்ட ரைடுகளில் கடைசி வண்டியாக வருகிறேன். யாருக்காவது வண்டி நின்றுபோனால் கூட நிற்பது என் வேலை.

முதலில் காசு விஷயம். ஓட்டுபவரின் பையிலிருந்து மட்டும் பணம் வருவதில்லை. ஒவ்வொருவரும் நண்பர்களிடமும் உறவுக்காரர்களிடமும் அலுவலகத்திலும் கேட்டு வாங்குகிறார்கள். சும்மா நன்கொடை கேட்டால் "பார்க்கலாம்" என்று நழுவுகிறவர்கள்கூட, "வர்ற ஞாயிறு இதுக்காக ஓட்டப்போறேன், என் பேர்ல ஏதாவது போடுங்க" என்றால் போடுகிறார்கள். பெட்ரோல் காசை மட்டும் கொடுத்திருந்தால் இந்தப் பணம் எதுவும் வந்திருக்காது.

சரி, பைக்காரன் என்றாலே முரடன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்று ஒரு சிற்றூர். 1947-ல், ஜூலை 4 விடுமுறையின்போது நடந்த பைக் பந்தயத்துக்கு ஊர் தாங்காத அளவுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வந்துவிட்டார்கள். குடி, தெருவில் பந்தயம், சில்லறைச் சண்டைகள், கைதுகள். காலி பீர் பாட்டில்களுக்கு நடுவே பைக்கில் சாய்ந்து கிடக்கும் ஒருவரின் படத்தை 'லைஃப்' இதழ் பெரிதாகப் போட்டது. அது ஏற்பாடு செய்து எடுத்த படம் என்று அப்போது அங்கே நின்றிருந்த ஒருவர் பின்னாளில் சொன்னார். ஆனால் அதற்குள் படம் தன் வேலையை முடித்துவிட்டது. அந்தச் சம்பவத்தை வைத்து மார்லன் பிராண்டோ நடித்த சினிமாவும் 1953-ல் வந்துவிட்டது. பைக் கும்பல்கள் செய்த உண்மையான குற்றங்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே ஹாலிஸ்டர், ஐம்பது வருடம் கழித்து 1997-ல், பைக்காரர்களை வரவேற்று விழா எடுத்தது.

2012-ல் சிட்னியில் மார்க் ஹவ்வா என்பவர் 'டிஸ்டிங்குவிஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைடு' என்பதைத் தொடங்கினார். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பழைய பாணி பைக்குகளில் போவது. முரடன் என்ற பெயரை மாற்றுவதுதான் முதல் நோக்கம். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. திரட்டும் பணம் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் ஆண்களின் மனநலத்துக்கும் போகிறது. எனக்கு இதில் உடையைவிடப் பெரிதாகப் படுவது வேறு ஒன்று. ஆண்கள் உடம்பைப் பற்றி எதிரெதிரே உட்கார்ந்து பேசமாட்டார்கள். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு, செயின் தளர்ந்திருக்கிறதா என்று இரண்டு பேர் குனிந்து பார்க்கும்போது பேச்சு தானாக வரும். அப்படி ஓர் ஓய்வு நிறுத்தத்தில்தான், ராத்திரி நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போகவேண்டியிருக்கிறது என்று எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் முதல்முறையாக வாய் திறந்தார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. மறுவாரமே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் முதல் ரைடு நன்றாக அமையவில்லை. சிக்னலில் நின்றபோதெல்லாம் எங்களில் சிலர் ஆக்சிலேட்டரை முறுக்கினார்கள். சாலையோரம் நின்ற பெரியவர் ஒருவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த வருடம் புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வாசலுக்கு இருநூறு மீட்டர் முன்பே எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட வேண்டும், தள்ளிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று முன்னால் போனவர் சொல்லிவிட்டார். இருநூறு கிலோ வண்டியை வெயிலில் தள்ளிப் பாருங்கள், தெரியும். டயர் உருளும் சத்தமும் எங்கள் மூச்சும் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. மாடி ஜன்னல்களில் ஒவ்வொரு முகமாக வந்தது. அன்றைக்கு எங்களை யாரும் ரௌடி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஊர்வலம் இல்லாமலும் இந்த வேலை நடக்கிறது. நான் அதிகம் மதிப்பது அதைத்தான். பிரிட்டனில் 'பிளட் பைக்' தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இரவிலும் வார இறுதியிலும் ரத்தம், பரிசோதனை மாதிரிகள், குறைமாதக் குழந்தைகளுக்கான தாய்ப்பால் எல்லாவற்றையும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போகிறார்கள். சம்பளம் கிடையாது.

அப்புறம் 'பைக்கர்ஸ் அகெய்ன்ஸ்ட் சைல்ட் அப்யூஸ்', அதாவது குழந்தைகள் மீதான வன்முறையை எதிர்க்கும் பைக்காரர்கள் அமைப்பு. 1995-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், குழந்தைகளுக்கு மனநலச் சிகிச்சை தரும் ஒருவர் தொடங்கியது. வன்முறைக்கு ஆளான குழந்தையைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டு, சின்னம் தைத்த ஒரு கையில்லாத ஜாக்கெட்டும் ஒரு பட்டப்பெயரும் தருவார்கள். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் நாளில், தாடியும் பச்சை குத்திய கைகளுமாகக் கூடவே வந்து உட்காருவார்கள். கொடுமை செய்தவன் அதே அறையில் இருப்பான். எந்தத் தோற்றத்தைப் பார்த்து ஊர் பயந்ததோ, அதே தோற்றம்தான் அந்தக் குழந்தைக்கு அப்போது தைரியம்.

உங்கள் பக்கம் இப்படி ஒரு ரைடு நடந்தால், பணம் யாருக்குப் போகிறது, போய்ச் சேர்ந்ததற்கு ரசீது காட்டுவீர்களா என்று நேராகவே கேளுங்கள். தயங்கினால் ஒதுங்கிவிடுங்கள். தெளிவாகப் பதில் சொன்னால், உங்களிடம் பைக் இல்லாவிட்டாலும் வாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று வழிகாட்ட எங்களுக்கு எப்போதும் ஆள் போதுவதில்லை.