சட்டைவா, சட்டைவம், சட்டைவஸ்: எந்தச் செடிக்கு எது?

கேள்வி: பள்ளி மூலிகைத் தோட்டத்துக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறோம். நெல்லுக்கு ஒரைசா சட்டைவா, பூண்டுக்கு அல்லியம் சட்டைவம், வெள்ளரிக்குக் குகுமிஸ் சட்டைவஸ் என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ‘சட்டைவா’ என்றே எழுதிவிடலாமா?

பதில்: கூடாது. மூன்றும் ஒரே லத்தீன் பெயரடைதான். முன்னால் நிற்கும் பேரினப் பெயரின் பாலுக்கேற்ப அதன் ஈறு மாறுகிறது. குகுமிஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், அல்லியம் இரண்டிலும் சேராத நடுப்பால். தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று ‘நல்ல’ மாறாமல் நிற்பதால் நமக்கு இது இடறுகிறது. தாவரப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பில் 23.5ஆம் விதி இந்த இசைவைக் கட்டாயமாக்குகிறது.

‘செரெரே’ என்றால் லத்தீனில் விதைத்தல். அதன் எச்ச வடிவமான ‘சதுஸ்’ உடன் ‘ஈவுஸ்’ விகுதி சேர்ந்து ‘சதீவுஸ்’ ஆனது. தானாக முளைக்காமல், விதைத்துப் பயிரிடப்படுவது என்று பொருள். (‘சட்டைவஸ்’ ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு.) வேடிக்கை என்னவென்றால், குங்குமப்பூவும் குரோக்கஸ் சட்டைவஸ்தான். அது மும்மடியம் (மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது), விதையே பிடிக்காது, கிழங்கை நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

கொத்தமல்லி கொரியாண்ட்ரம் சட்டைவம், கருஞ்சீரகம் நைஜெல்லா சட்டைவா. இவற்றில் சிக்கல் இல்லை. ஆனால் பேரினத்தின் ஈற்றை மட்டும் பார்த்துப் பால் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். டாமரிண்டஸ், ஃபைகஸ் இரண்டும் ‘அஸ்’ என முடிந்தாலும் பெண்பால். லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஆகவே புளி டாமரிண்டஸ் இண்டிகா, அரசமரம் ஃபைகஸ் ரெலிஜியோசா. எள்ளோ செசமம் இண்டிகம்.

அடுத்தது, மாறுவது பெயரடை மட்டுமே. நெல்லி ஃபில்லாந்தஸ் எம்பிளிகா. ‘எம்பிளிகா’ பெயர்ச்சொல், அதை ‘எம்பிளிகஸ்’ என்று திருத்தப் போகாதீர்கள். கரும்பின் ‘அஃபிசினாரம்’ ‘மருந்துச்சாலைகளின்’ என்னும் ஆறாம் வேற்றுமைப் பன்மை, அதுவும் அசையாது. ‘அஃபிசினாலிஸ்’ பெயரடை. ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் அதே வடிவம், நடுப்பாலுக்கு ‘அஃபிசினாலே’. இஞ்சி ஜிஞ்ஜிபர் அஃபிசினாலே.

அதிகம் தவறு நேர்வது பேரினம் மாறிய செடிகளில்தான். கட்டுக்கொடிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இட்ட பெயர் மெனிஸ்பெர்மம் ஹிர்சூட்டம். பின்னர் அது காக்குலஸ் என்ற ஆண்பால் பேரினத்துக்குப் போனதும் ‘ஹிர்சூட்டஸ்’ ஆயிற்று. புதிய நூலிலிருந்து முதல் சொல்லையும் பழைய நூலிலிருந்து இரண்டாம் சொல்லையும் எடுத்து ஒட்டினால் பிழைதான் வரும். இரண்டையும் ஒரே நூலிலிருந்து எடுங்கள்.